இருபத்தேழாம் நிரை

புக்கிட் தெராப் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் தலைமையாசிரியர் நல்லசாமி செய்த முதல் காரியம், அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியது. இரண்டாவது காரியம், பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து அதை மூடியது. மூன்றாவதாக அவர் எதுவும் செய்யவில்லை. தொட்டால் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் யாருக்காவது கடிதம் எழுத வேண்டிவரும் என்று அவருக்குப் பயம். செரம்பானில் ஒரு வக்கீல் ஆபீசில் புதிது வாங்கிவிட்டுக் கழித்துக் கொடுத்த பெட்டி அது. பச்சை எழுத்துத் திரை, ஊசிகளால் குத்திக் குத்தி அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், செருகி எடுக்கும் இரண்டு ஃப்ளாப்பித் தட்டுகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருஷம்.

வள்ளியம்மா டீச்சர் அந்த வேட்டியை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை அதை எடுத்து மடித்துத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்துவிட்டு, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரையும் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். நல்லசாமி வேட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். வள்ளியம்மாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் அந்தத் தோட்டத்தில் குறைவு.

அவள் அதே தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாவது லயத்தில் ஏழாவது வீடு. அம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி எழுந்திருக்க முடியாமல் போன வருஷத்தில், பத்து வயதில், அம்மாவுக்கு ஒதுக்கிய ரப்பர் மர வரிசையில், அம்மாவின் நிரையில், போய்ப் பாலுக்கு மரம் வெட்டினாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் அம்மாவின் பெயரைக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுப் பெண் "காட்டுக்குப் போயிருச்சு" என்பாள்; காடு என்றால் மரம் வெட்டும் இடம். மண்டோர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒருவர் பெயருக்கு இன்னொருவர் வெட்டுவது தோட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத வழக்கம். மண்டோருக்குத் தெரியும், கணக்கெழுதும் கிராணிக்குத் தெரியும், பால் நிறுக்கிறவனுக்குத் தெரியும். நிர்வாகியான துரைக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருக்கும் வரைக்கும் எல்லோரும் பிழைத்துக் கிடப்பார்கள்.

எழுபத்திரண்டில் தற்காலிக ஆசிரியையாகப் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளி விடுமுறைகளில் பயிற்சிக்குப் போய் நான்கு வருஷத்தில் சான்றிதழ் வாங்கினாள். கல்யாணம் இரண்டு தடவை பேசி இரண்டு தடவையும் நின்றுபோனது. அதைப் பற்றி அவள் அலட்டிக்கொள்ளவில்லை, தோட்டம்தான் அலட்டிக்கொண்டது. எண்பத்தைந்தில் அம்மா போனபின் ஆசிரியர் குடியிருப்பில் தனி ஆள். எண்பத்தொன்பதில், செரம்பானில் ஒரு கடை மாடியில் சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். பதினாலு ஆபீஸ் குமாஸ்தாக்கள், நடுவில் சேலை கட்டியவள் இவள் ஒருத்தி. நாலாவது சனிக்கிழமைக்குள் அந்தப் பதினாலு பேரும் இவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளுக்கு அந்தப் பெட்டியை ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது மண்டோர் மகன் தட்டினாலும், சாணி அள்ளுகிறவள் மகள் தட்டினாலும் ஒரே பதிலைச் சொன்னது. சரியாக எழுதினால் வேலை செய்தது. தப்பாக எழுதினால் எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் காத்திருந்தது. அப்படி ஒரு மேலதிகாரியை அவள் நாற்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

பள்ளிக்கு மின்சாரம் பால் ஸ்டோர் எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் வரும். பத்து மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போய்விடும். பதினொரு பிள்ளைகள், ஒரு பெட்டி, இரண்டரை மணி நேரம். ஒவ்வொருத்தராக உட்கார வைத்தால் ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் தேறினால் பெரிது. அதனால் வள்ளியம்மா பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தாள். எழுதும் குழு நோட்டுப் புத்தகத்தில் வரி வரியாக எழுதும். நடக்கும் குழு அந்த வரிகளைத் திடலில் ஆடிப் பார்க்கும். பார்க்கும் குழு தப்பைக் கண்டுபிடிக்கும். மூன்று குழுவும் சரி என்று சொன்னபிறகுதான் விசைப்பலகையில் கை வைக்கலாம். இன்னொரு விதியும் உண்டு. ஒரு குழு எழுதிய வரியை அந்தக் குழுவைக் கேட்காமல் யாரும் அழிக்கக் கூடாது, டீச்சர் உட்பட.

திடலில் அவர்கள் ஆடியது பெரட்டுதான். பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் அது. மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளை வரிசையாக வைப்பார்கள். "ஒரு மங்குல ஒரு பேருதான் நிக்கும். புதுசு ஊத்துனா பழசு போயிரும்" என்பாள் வள்ளியம்மா. ஒருத்தன் மண்டோராக நின்று நிரை எண்ணைக் கூப்பிடுவான். ஆள் வந்திருந்தால் நிரை அவருக்கு. வராவிட்டால் அடுத்தவருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பட்டியல் முடிந்ததா என்று பார்த்து, முடியாவிட்டால் மேலே திரும்பிப் போக வேண்டும். 'முடியாவிட்டால் திரும்பு' என்ற வரியை எழுத மறந்த குழுவால் நடக்கும் குழு முதல் பெயரோடு நின்றுபோனதும், நிறுத்தச் சொல்லும் வரியில்லாமல் ஒருத்தன் திடலைப் பதினேழு சுற்றுச் சுற்றியதும் அந்தப் பள்ளியில் நடந்த நல்ல காரியங்கள். சிரித்துச் சிரித்தே புரிந்துகொண்டார்கள்.

பார்க்கும் குழுவுக்குத் தலைவி லோகேஸ்வரி. ஆறாம் வகுப்பு, பன்னிரண்டு வயது, எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய இரட்டைப் பின்னல். அடுத்தவர் எழுதிய வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வாசித்து, தப்பு இருக்கும் இடத்தில் விரலை நிறுத்துவாள், பேச மாட்டாள். அந்த விரல் நின்றால் தப்பு இருக்கிறது என்று எழுதும் குழு தானாகவே ரப்பரை எடுத்துவிடும். வள்ளியம்மா இருபது வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கவில்லை. இவளை எப்படியாவது செரம்பானில் ஒரு நல்ல இடைநிலைப் பள்ளியில் சேர்த்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் வரை தள்ளிவிட வேண்டும் என்று மனசுக்குள் வழி போட்டு வைத்திருந்தாள். செப்டம்பரில் அரசாங்கப் பரீட்சை. அதற்குப் பிறகு எல்லாம் நடக்கும் என்று நம்பினாள்.

லோகேஸ்வரியின் வீட்டில் மூன்று பேர். அம்மா ராக்கம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை நாளில் மேட்டுக்காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போவாள், அவ்வளவுதான். அப்பா சன்னாசி கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் இருந்தும் அவருக்குப் பிரஜை அல்லாதவருக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு நேர்முகத்துக்கும் போனார். அதிகாரி மலாயில் கேட்ட கேள்விக்கு நாக்கு குழறி நின்றார், அதோடு சரி. வேலை பெர்மிட்டும் புதுப்பிக்காமல் காலாவதியாகிவிட்டது. ராக்கம்மா இங்கேயே பிறந்தவள், பிரஜைக்குரிய நீல அட்டை. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் அவளுடையது, வீடும் அவள் பெயருக்குக் கொடுத்தது. அதனால் இரண்டு வருஷமாக ராக்கம்மாவின் நிரையில் சன்னாசி வெட்டினார். பெரட்டுக்கு வராமல் பின்பக்கத்து ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விடுவார். பெரட்டில் மண்டோர் முனியாண்டி "ராக்கம்மா" என்று கூப்பிடுவார். யாராவது ஒருத்தி "காட்டுக்குப் போயிருச்சு" என்பாள். முனியாண்டி தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். இருபத்தேழாம் நிரை.

தொண்ணூற்றிரண்டு ஆகஸ்டில் பெற்றோர் நாள் வந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த உதவி நிர்வாகி, சின்ன துரை, விருந்தாளி. கோலாலம்பூர்க்காரர், இளவயசு, நல்ல இங்கிலீஷ். தோட்டத்தைத் துண்டு துண்டாகக் காண்ட்ராக்டர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள், அதற்கு ஆள் குறைக்கத்தான் இவர் வந்திருக்கிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கு அவர் வருவதே பெரிது என்று நல்லசாமி மாலைக்குச் சொல்லியிருந்தார். வள்ளியம்மா, பிள்ளைகள் தாங்களே எழுதிய ஒரு புரோகிராமைக் காட்டுவது என்று முடிவு செய்தாள். எதைப் பற்றி எழுதலாம் என்று கேட்டதற்குப் பதினொரு பேரும் ஒரே குரலில் பெரட்டு என்றார்கள். ஐந்தாம் பிரிவில் நாற்பது நிரை. நிரை எண்ணைத் தட்டினால் அந்த நிரையை வெட்டுகிறவர் பெயர் திரையில் வர வேண்டும்; ஒரு விசையைத் தட்டினால் நாற்பதும் தாளில் வர வேண்டும்.

மூன்று வாரம் வேலை செய்தார்கள். எழுதும் குழு மண்டோர் மகன் முகுந்தனின் தலைமையில் அப்பாவிடம் கேட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தது. பார்க்கும் குழு அதைச் சரிபார்க்கக் காட்டுக்கே போனது. கேட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது என்பது வள்ளியம்மா சொல்லிக் கொடுத்த பாடம். சனிக்கிழமை விடியலில் நாலு பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக நிரை நிரையாக நடந்து போனார்கள். லோகேஸ்வரியும் போனாள்.

திங்கட்கிழமை பத்தரை மணி. பிரிண்டரின் ரிப்பன் சிக்கிக்கொண்டு, வள்ளியம்மா பத்து விரலும் கறுப்பாக அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், பெரட்டுல ஒரு பேரு, காட்டுல ஒரு ஆளுன்னா எதப் போடறது?"

"காட்டுல யாரு நிக்கறாங்களோ அதப் போடும்மா."

"பெரட்டுல கூப்புடற பேருதானே டீச்சர் செக்ரோல்ல இருக்கும்?"

"மிஷின்கிட்ட நாம பொய் சொன்னா அது நமக்கே பொய் சொல்லும், லோகேசு. ரிப்பன் கெட்டுப்போச்சு பாரு, கொஞ்சம் புடி."

லோகேஸ்வரி ரிப்பனைப் பிடித்தாள். யாருடைய நிரை என்று வள்ளியம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கும். எஞ்சின் நிற்பதற்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அவள் மனசு பூராவும் ரிப்பனில் இருந்தது.

பெற்றோர் நாளுக்கு முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு நாற்பது நிரையும் முதல் முறையாகத் தாளில் வந்தன. பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆறு மாசத்துக்கு முன்னால் சுட்டுவிரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்திய பிள்ளைகள். வள்ளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடியும் மேலிருந்து வாசித்தாள். இருபத்தேழில் சன்னாசி என்று இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. புரியாமல் எப்படி இருக்கும், பத்து வயதில் அம்மா பெயருக்கு வெட்டியவளுக்கு. நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். முகுந்தன் எழுதிய ராக்கம்மா என்ற பெயரின்மேல் ஒரு கோடு. பக்கத்தில் லோகேஸ்வரியின் கையெழுத்தில் அப்பாவின் பெயர். ஓரத்தில், விதிப்படி, எழுதும் குழுவைக் கேட்டுத் தப்பு திருத்தப்பட்டது என்று எழுதித் தேதியும் போட்டிருந்தாள்.

ஒரு வரியை மாற்றினால் போதும். எஞ்சின் நிற்பதற்கு இருபது நிமிஷம் இருந்தது. அவள் விசைப்பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தும்விட்டாள். பிறகு அவள் யோசித்ததை எல்லாம் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவளே தனக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. நாளைக் காலையில் லோகேஸ்வரி பார்த்தால் என்ன சொல்வது? மூன்று வாரம் உண்மையை எழுது என்று சொல்லிவிட்டு, துரை வருகிறார் என்றதும் பொய்யை எழுதச் சொல்வதா? அதோடு, யார் இந்தத் தாளை வாசிக்கப் போகிறார்கள்? மாலை போடுவார்கள், ஆரஞ்சுத் தண்ணீர் குடிப்பார்கள், போவார்கள். தோட்டத்துக்கே தெரிந்த விஷயம்தானே. இவை எல்லாம் காரணம்தான். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. அந்தத் தாளில் ஒரு தப்புகூட இல்லை, முழுசாகச் சரி. அவள் வாழ்க்கையில் அப்படி முழுசாகச் சரியான பொருள் ஒன்றும் அதுவரைக்கும் அவள் கையால் ஆனதில்லை. அதில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. எஞ்சின் நின்றது, திரை அணைந்தது.

மறுநாள் காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. சின்ன துரை ஒரு நிரை எண்ணைச் சொன்னார், திரையில் பெயர் வந்தது. இன்னொன்று சொன்னார், வந்தது. அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "வெரி குட், வெரி குட்" என்றார். தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அவர் நின்றபடியே மேலிருந்து வாசித்தார். முனியாண்டி பின்வரிசையில் நின்றார். துரை தாளை வாசிக்கிறார் என்பதைக் கண்டதும் அவர் முகம் மாறியதை வள்ளியம்மா பார்த்தாள்.

"சன்னாசி யாரு? என் செக்ரோல்ல அப்படி ஒரு பேரு இல்லையே" என்றார் சின்ன துரை.

கிராணி தன் செருப்பைப் பார்த்தார். துரை ஏதோ சந்தேகப்படுகிறார், தங்கள் வேலையில் குறை கண்டுவிட்டார் என்று நினைத்த முகுந்தன் ரோசத்தோடு முன்னால் வந்தான். "செமுவா பெத்துல், சார். காமி செக் செண்டிரி" என்றான் மலாயில். எல்லாம் சரி, நாங்களே போய்ப் பார்த்தோம் என்று அர்த்தம். மற்றப் பிள்ளைகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லோகேஸ்வரி மட்டும் விரலை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்ன துரை தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாலையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே வள்ளியம்மா ஆபீசுக்கு ஓடினாள். இருபத்தேழில் ராக்கம்மா என்று மாற்றிய புதுத் தாள் கையில் இருந்தது. முதல் நாள் செய்ய மனசு வராத காரியம் இப்போது அரை நிமிஷத்தில் முடிந்திருந்தது. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தது, முதல் தாளில் தப்பு, இதுதான் சரியானது என்று இங்கிலீஷில் சொன்னாள். சின்ன துரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்படியா டீச்சர்? உங்க பிள்ளைங்க எனக்கு ஒரு நல்ல வழி சொல்லிக் கொடுத்திருக்காங்க. நானே போய்ப் பார்த்துக்கறேன்" என்றார்.

மறுநாள் விடியலில் அவர் பெரட்டுக்கு வராமல் நேராகக் காட்டுக்குப் போனார். அன்று வெட்டாவிட்டால் நிரை காலியாகக் கிடந்து அதுவே சாட்சியாகிவிடும் என்று சன்னாசியும் வழக்கம்போலப் போயிருந்தார். இருபத்தேழாம் நிரையில், நெற்றியில் கட்டிய விளக்கோடு, குனிந்து மரம் வெட்டிக்கொண்டிருந்த சன்னாசியைப் பார்த்தார். யார் என்று கேட்டார். சன்னாசி பால் வெட்டும் உளியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார்.

பெர்மிட் இல்லாத ஆளைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள முடியாது. நடக்க முடியாத ராக்கம்மாவுக்கு வேலை கொடுக்க முடியாது. வேலை இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது. பதினாலு நாள் நோட்டீஸ். முனியாண்டியை மண்டோர் வேலையிலிருந்து இறக்கி மரம் வெட்ட அனுப்பினார்கள். வள்ளியம்மா பெரிய துரையைப் பார்த்தாள், தொழிற்சங்கத்துக்காரரைப் பார்த்தாள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். "என்ன டீச்சர் செய்ய முடியும்? நமக்குத் தெரிஞ்சப்போ ஒண்ணுமில்ல. இப்போ தாள்ல வந்துருச்சு லா" என்றார் சங்கத்துக்காரர். தோட்டத்துப் பெண்கள் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சண்டை பிடித்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதிமூன்றாம் நாள் ஒரு லாரியில் கட்டில், இரண்டு மூட்டை, ஒரு அம்மிக்கல்லோடு அவர்கள் போனார்கள். செரம்பான் ஓரத்து அம்பாங்கானில் கடைவரிசைக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. லோகேஸ்வரியின் பெயர் புக்கிட் தெராப் பள்ளியில்தான் பதிவாகியிருந்தது. கூட்டி வந்து தன் வீட்டில் தங்க வைத்துப் பரீட்சை எழுத வைக்கலாம் என்று வள்ளியம்மா அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் சன்னாசி ஒரு பிஸ்கட் டின்மேல் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சரம்மா" என்று எழுந்து டின்னை அவளுக்குப் போட்டார். உள்ளே ராக்கம்மா கட்டிலில் கிடந்தாள். லோகேஸ்வரி பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிவிட்டு, ஈரப் பாவாடையோடு வந்து நின்றாள். டீச்சருக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அப்பாவுக்கும் ஒன்று நீட்டினாள். அவர் வாங்கவில்லை, பார்க்கவும் இல்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவள் ஒதுங்கிப் போனபிறகு எடுத்துக் குடித்தார்.

"பரீட்சைக்கு அனுப்புங்கண்ணே. நான் பாத்துக்கறேன்" என்றாள் வள்ளியம்மா.

"படிச்சது போதும் டீச்சரம்மா." குரலில் கோபமே இல்லை. "இது படிச்சு எழுதுனதுதான் இப்போ நாங்க இங்க கெடக்கறோம். யாரு எழுதுனதுன்னு கேட்டேன். நாந்தான்னு சொல்லுது. பெத்த அப்பன் பேர எழுதிக் கொடுத்திருக்கு. நான் என்னாத்த சொல்ல."

லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எழுதச் சொன்னது டீச்சர் என்று அவள் அப்பாவிடம் சொல்லவே இல்லை என்பது வள்ளியம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுதச் சொன்னவள் நான், முதல் நாளே பார்த்தவளும் நான், மாற்றாமல் விட்டவளும் நான். மூன்று வாக்கியம். தொண்டைவரை வந்து நின்றது. இந்த மனிதர் தன்னையும் அப்படிப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. இருபது வருஷமாகத் தோட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று டின்னைப் போட்டு உட்காரச் சொன்ன டீச்சர் அவள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தாள். "பரீட்சை முடியட்டும், மறுபடி வரேன்" என்றாள். மறுபடி வரவில்லை. பரீட்சை நாளில் லோகேஸ்வரியின் மேசை காலியாகக் கிடந்தது.

பெட்டியின்மேல் மறுபடியும் வேட்டி ஏறியது. இந்தத் தடவை அதைப் போட்டவள் வள்ளியம்மா. தொண்ணூற்றைந்தில் தோட்டத்தை விற்றார்கள். நீலாய்ப் பக்கம் புது வீடுகளும் தொழிற்சாலைகளும் கிளம்பிய காலம். காட்டை அழித்துச் செம்மண்ணாக்கி நிரவினார்கள். நாற்பது நிரையும் ஒரு மாசத்தில் போய்விட்டன. மீதி இருந்தவர்களும் வீடில்லாமல் கிளம்பினார்கள். சன்னாசிக்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது எல்லோருக்கும் நடந்தது என்று அவள் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். அதனால் மனசு ஆறவில்லை. அவளைச் செரம்பானில் ஒரு பெரிய பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே குளிர்சாதனம் போட்ட அறையில் இருபது கம்ப்யூட்டர். அரசாங்கமே இப்போது கணினி கணினி என்று பறந்தது. பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும் அவள் முறையைப் பார்த்துப் போக வெளியூரிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். பிள்ளைகள் பட்டியல் எழுதும்போது வீட்டுப் பெயர்களை எழுத அவள் விடுவதில்லை. பழங்களின் பெயர், பறவைகளின் பெயர் என்று எழுதச் சொல்வாள். ஏன் என்று வந்தவர்கள் கேட்டால் சும்மா சிரிப்பாள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நீலாய் ரயில் நிலையத்தில், தொழிற்சாலை நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அவள் முன்னால் வந்து நின்றாள். இரட்டைப் பின்னல் இல்லை, முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். விரல்களைப் பார்த்துத்தான் வள்ளியம்மா அடையாளம் கண்டுகொண்டாள்.

"லோகேசா?"

"ஆமா டீச்சர். இங்கதான் எலெக்ட்ரானிக் கம்பெனில. செக்கிங்ல இருக்கேன். பெல்ட்ல போர்டு வந்துக்கிட்டே இருக்கும், தப்பு இருந்தா எடுத்து ஓரமா வைக்கணும். சூப்பர்வைசர் சொல்வாரு, என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுன்னு." சிரித்தாள். பல் ஒன்று விழுந்திருந்தது. பதினெட்டு வயசு.

அப்பாவை விசாரித்தாள் வள்ளியம்மா. போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் போய்விட்டார் என்றாள் லோகேஸ்வரி. அம்மா இருக்கிறாள், அதே பலகை வீடு.

ரயில் வரப் பத்து நிமிஷம் இருந்தது. ஆறு வருஷம் தொண்டையில் கிடந்ததை வள்ளியம்மா அந்தப் பத்து நிமிஷத்தில் சொன்னாள். ரிப்பனைப் பிரித்துக்கொண்டே யாருடைய நிரை என்று கேட்காமல் விட்டது. முதல் நாள் மத்தியானம் தாளைப் பார்த்தது. விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தது. இருபது நிமிஷம் இருந்தும் மாற்றாமல் எழுந்தது. அழாமல் சொன்னாள். அழுவதற்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

லோகேஸ்வரி முழுசும் கேட்டாள். பழைய பழக்கத்தில் அவள் சுட்டுவிரல் பெஞ்சுப் பலகையில் ஒரு இடத்தில் நின்றிருந்தது.

"தப்பு என்னோடது மட்டும்தான்னு இருந்துட்டேன் டீச்சர்" என்றாள். பலகையிலிருந்து விரலை எடுத்தாள். "சாகற வரைக்கும் அப்பா என்கிட்ட ஒரு வார்த்த பேசல. கடைசில தண்ணி ஊத்தப் போனேன், மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

வள்ளியம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். லோகேஸ்வரி கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தீங்கள்ள. டின்னுல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சீங்க. அப்பவே அப்பாகிட்ட இதச் சொல்லியிருந்தா, அவரு என்கிட்ட பேசியிருப்பாரு டீச்சர்."

ரயில் வந்தது. செரம்பான் போகிற ரயில்தான், இரண்டு பேருக்கும் அதே ரயில். லோகேஸ்வரி எழுந்து, "வரேன் டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள்.